ஆறுகிற புண் ஏன் அரிக்கிறது?

முழங்கையில் சிராய்த்துப் பத்து நாள் ஆகிறது, வலி நின்றுவிட்டது, பொருக்கும் கட்டிவிட்டது, ஆனால் நான்கைந்து நாளாக அரிப்பு தாங்க முடியவில்லை, "அரித்தால் ஆறுகிறது என்று அர்த்தம்" என்று வீட்டில் சொல்கிறார்களே, அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியின் கடைசி வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன்: ஆறுவதால்தான் அரிக்கிறது என்றால், தான் கட்டிக்கொண்டிருப்பதைப் பிய்த்தெறியும்படி உடம்பே ஏன் நம்மைத் தூண்ட வேண்டும்? ஆகவே நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்வி அல்ல, இரண்டு. முதலாவதற்கு ஓரளவு தெளிவான விடை இருக்கிறது. இரண்டாவதற்கு நல்ல ஊகங்களும், அண்மையில் கிடைத்த ஒன்றிரண்டு தடயங்களும் மட்டுமே இருக்கின்றன. சுருக்கமாகச் சொன்னால், புண்ணை ஆற்றுகிற பொருள்களில் சில, நேராகவோ வேறு செல்கள் வழியாகவோ, பக்கத்திலுள்ள நரம்பு நுனிகளையும் சீண்டிவிடுகின்றன. அங்கே வேலை நடக்கிறது என்பதற்கு அரிப்பு அடையாளம்தான். அந்த வேலை ஒழுங்காக நடக்கிறதா என்பதை மட்டும் அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

நான் தோல் மருத்துவர். படிப்பு முடிந்த பிறகான ஆண்டுகளில் கணிசமான பகுதி, புண்களுக்குக் கட்டு மாற்றும் அறையில் கழிந்திருக்கிறது. அங்கே வருகிறவர்கள் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்வதில்லை. ஒருவர் "அரிக்கிறது" என்பார். இன்னொருவர் "எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கிறது" என்பார். நமைச்சல் என்பவர் உண்டு, குறுகுறுப்பு என்பவர் உண்டு, அரிப்பா எரிச்சலா என்று பிரித்துச் சொல்லத் தெரியாமல் விழிப்பவரும் உண்டு. மருத்துவம் இவை அனைத்தையும் ஒரே பெயரில் அடக்கிவிடுகிறது. 1660ஆம் ஆண்டில் சாமுவேல் ஹாஃபன்ரெஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவர் கொடுத்த வரையறையையே இன்றும் மேற்கோள் காட்டுகிறோம்: சொறிய வேண்டும் என்ற விருப்பத்தைக் கிளப்புகிற, இதமில்லாத ஓர் உணர்வு. உணர்வையும் அதற்கு நாம் செய்ய விரும்பும் செயலையும் ஒரே முடிச்சில் கட்டிய வரையறை அது. வலி வந்தால் கையை இழுத்துக்கொள்கிறோம். அரிப்பு வந்தால் கையை அதே இடத்துக்குக் கொண்டுபோகிறோம். உங்கள் இரண்டாவது கேள்வி இந்த முடிச்சில்தான் இருக்கிறது.

அரிப்பு என்பது மிக மெலிதான வலி, அவ்வளவுதான் என்று வெகுகாலம் கருதப்பட்டு வந்தது. இப்போது அப்படிச் சொல்வதில்லை. தோலிலிருந்து தண்டுவடத்துக்குச் செல்லும் நரம்பு இழைகளில், உறையற்ற மெல்லிய இழைகளான சி இழைகள் என்ற வகை உண்டு. அவற்றில் செய்தி நொடிக்கு ஏறத்தாழ அரை மீட்டரிலிருந்து 2 மீட்டர் வரையிலான வேகத்தில்தான் நகரும். நரம்பு மண்டலத்தில் இதைவிட மந்தமான இழை இல்லை எனலாம். 1997இல் மனிதத் தோலில் நுண்ணிய மின்முனைகளைச் செலுத்திச் செய்த ஆய்வு ஒன்றில், ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளுக்கு மட்டும் நீண்ட நேரம் துடிக்கிற, அழுத்தினாலோ கிள்ளினாலோ அசையாத ஒரு சிறு கூட்டம் சி இழைகள் அடையாளம் காணப்பட்டன. அவை துடித்த நேரமும், அந்த மனிதர்கள் அரிப்பை உணர்ந்த நேரமும் பொருந்தி வந்தன. பத்து ஆண்டுகள் கழித்து, எலிகளின் தண்டுவடத்தில் அரிப்புக்கென்றே ஒரு புரத ஏற்பி, அதாவது வேதிச் செய்தியைப் பிடிக்கும் புரதம், இருப்பது தெரியவந்தது; 2009இல் அந்த ஏற்பியைத் தாங்கிய நரம்பு செல்களை மட்டும் அழித்துப் பார்த்தபோது, எலிகளுக்கு அரிப்பு வெகுவாகக் குறைந்தது, வலி அப்படியே இருந்தது. ஆகவே வலிக்கும் அரிப்புக்கும் பாதைகள் பல இடங்களில் பின்னிக் கிடந்தாலும், அரிப்புக்குச் சொந்தத் தடம் ஒன்று உண்டு என்பது உறுதி.

இந்தத் தடத்தை மிதிப்பவை எவை என்று கேட்டால், எல்லோர் வாயிலும் முதலில் வரும் பெயர் ஹிஸ்டமின். தோல் கிழிந்தவுடன் அங்குள்ள மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் தம்முள் மூட்டை மூட்டையாக வைத்திருக்கும் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. இரத்த நாளங்கள் விரிந்து நீர் கசிகிறது, இடம் சிவக்கிறது, வீங்குகிறது. தோலை அழுத்திக் கீறினால் சிவப்புக் கோடு, அதைச் சுற்றிப் பரவும் செம்மை, பிறகு தடிப்பு என மூன்று படியாக வினை எழுவதை பிரிட்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1927இல் விரிவாக எழுதிவைத்தார். அதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஹிஸ்டமின்தான். ஆனால் இங்கே ஒரு முரண் இருக்கிறது. ஹிஸ்டமின் கொட்டுவது முக்கியமாக முதல் சில மணி நேரத்தில், முதல் ஓரிரு நாளில். உங்களுக்கு அரிப்பு தொடங்கியதோ ஐந்தாறு நாள் கழித்து. மேலும், ஹிஸ்டமின் மட்டுமே காரணமாக இருந்தால் ஒவ்வாமைக்குப் போடும் செடிரிசின் மாத்திரை ஒன்றில் அரிப்பு அடங்கிவிட வேண்டும். தடிப்புக்கு அது நன்றாகக் கேட்கிறது, ஆறுகிற புண்ணின் அரிப்புக்கு அந்த அளவு கேட்பதில்லை. தீக்காய அரிப்பில் இது இன்னும் கண்கூடு. கதையில் ஹிஸ்டமினுக்கு ஒரு பாத்திரம் உண்டு, முதன்மைப் பாத்திரம் அதற்கில்லை என்பது என் கருத்து.

அப்படியானால் பத்தாம் நாள் பொருக்குக்குக் கீழே என்னதான் நடக்கிறது என்று கிட்டே போய்ப் பார்ப்போம். மேலே கருஞ்சிவப்பாக இருக்கும் ஓடு, உலர்ந்த இரத்த செல்களும் ஃபைப்ரின் என்ற நார்ப் புரதமும் கசிவு நீரும் சேர்ந்து இறுகியது. அதில் உயிர் இல்லை. அதற்கு அடியில், புண்ணின் விளிம்புகளிலிருந்தும் அங்கங்கே தப்பிப் பிழைத்த மயிர்க்கால்களிலிருந்தும் மேல்தோல் செல்கள் மெல்லிய தகடாகத் தவழ்ந்து நடுவை நோக்கி வருகின்றன. ஈரமான திசுவுக்கும் காய்ந்த ஓட்டுக்கும் நடுவே வழி உண்டாக்குவதற்காக, ஃபைப்ரினையும், தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனில் பழுதுபட்டதையும் கரைக்கும் நொதிகளை அவை உமிழ்ந்தபடியே நகர்கின்றன. அதற்கும் கீழே புதிய நுண்குழாய்கள் துளிர்க்கின்றன. சில செல்கள் தசையைப் போலச் சுருங்கும் தன்மை பெற்று, நான்கு பக்கமும் பிடித்து இழுத்து, புண்ணின் வாயைச் சிறிதாக்குகின்றன. அறுபட்ட நரம்பு இழைகளும் புதிய முனைகளை விட்டுத் தோலுக்குள் தலை நீட்டுகின்றன. பொருக்கின் ஓரத்தைப் பிய்த்ததும் அடியில் குண்டூசி முனையளவு இரத்தப் புள்ளிகள் வரிசையாக எழுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு புள்ளியும், இப்போதுதான் துளிர்த்து வந்த ஒரு நுண்குழாயின் கிழிந்த நுனி.

இத்தனை பேர் வேலை செய்யும் இடத்தில் நரம்பு நுனியைச் சீண்டுவது யார்? நம்மிடம் இருப்பவற்றில் நேரடிச் சான்று என்று நான் மதிப்பது 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு. காயம் ஆறும் எலிகளில் அரிப்பு உச்சத்தில் இருந்த நாள்களில், புண் திசுவில் இன்டர்லூகின்-31 என்ற சமிக்ஞைப் புரதம் மிகுந்திருந்தது. அந்தப் புரதத்தை உண்டாக்க இயலாத எலிகளுக்குப் புண் இருந்தும் அந்த அரிப்பு வரவில்லை. அதைச் சுரந்தவை, புண்ணுக்கு வந்து சேர்ந்த டென்ட்ரிடிக் செல்கள் என்ற நோய்க் காவல் செல்கள். ஆறும் கட்டத்தில் இருந்த புண்ணிலிருந்து அந்தச் செல்களை எடுத்து நல்ல தோலில் வைத்தபோது அங்கேயும் அரிப்பு உண்டானது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அந்தச் செல்களை இன்டர்லூகின்-31 சுரக்கும்படி தூண்டியது டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணி என்பது. புண்ணை மூட, தழும்புத் திசுவைக் கட்ட, கொலாஜனை நெய்ய உடம்பு பயன்படுத்துகிற தலையாய காரணிகளில் அதுவும் ஒன்று. "அரித்தால் ஆறுகிறது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு இதைவிட நெருக்கமான ஆதாரத்தை நான் கண்டதில்லை. ஆனால் எலியின் தோல் மனிதத் தோல் அன்று. எலியின் புண் பெரும்பாலும் சுருங்கியே மூடுகிறது, நம்முடையது செல்கள் தவழ்ந்து பரவுவதை அதிகம் நம்பியிருக்கிறது. இன்டர்லூகின்-31 மனிதருக்கும் அரிப்பு தரும் என்பதில் ஐயமில்லை, ஏனெனில் அதன் ஏற்பியைத் தடுக்கும் நெமோலிசுமாப் என்ற ஊசி மருந்து கடும் அரிப்புள்ள சில தோல் நோய்களுக்கு 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது. சாதாரணச் சிராய்ப்பின் அரிப்பில் மனிதரிடம் அதன் பங்கு எவ்வளவு என்பது இன்னும் அளந்து காட்டப்படவில்லை.

அடுத்தது நொதிகள். பூனைக்காலிக் காயின் மேலுள்ள சுணை பட்டால் உடம்பே பற்றிக்கொண்டதுபோல் அரிக்கும். அதற்குக் காரணம் ஹிஸ்டமின் அல்ல, அந்தச் சுணையில் உள்ள புரதச் சிதைவு நொதி என்று 1950களிலேயே கண்டார்கள். நரம்பு நுனிகளிலும் மேல்தோல் செல்களிலும் இருக்கும் ஒரு குறிப்பிட்ட ஏற்பியை அந்த நொதி வெட்டித் திறக்கிறது என்பது பின்னர் விளங்கியது. நம் புண்ணிலும் புரதத்தை வெட்டும் நொதிகள் நிறைந்திருப்பதால், அவையும் அதே பூட்டைத் திறக்கின்றன என்று எண்ண இடமிருக்கிறது. இது பொருத்தமான ஊகம். நிறுவப்பட்ட உண்மைகளின் வரிசையில் இதை நான் வைக்க மாட்டேன். நரம்பு துளிர்ப்பதால்தான் அரிக்கிறது என்று பலர் அடித்துச் சொல்வதும் இதே ஊக வரிசையில்தான் வருகிறது. நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதம் காயத்தில் மிகுகிறது, அது நரம்பு நுனிகளை எளிதில் துடிக்கும்படி ஆக்குகிறது, இவை இரண்டும் உண்மை. ஆழமான வெட்டுக்குப் பிறகும் அறுவைக் காயத்திலும் மின்னல்போல் வெட்டி மறையும் குத்தலுக்கும், எறும்பு ஊறும் உணர்வுக்கும் இதுவே காரணமாக இருக்கக்கூடும். மேலாகச் சிராய்த்த தோலில், முதல் இரண்டு வாரத்துக்குள் வரும் அரிப்பு முழுவதையும் நரம்புத் துளிர்ப்பின் தலையில் சுமத்துவது எனக்கு ஒப்பாது.

எளிமையானது என்பதாலேயே பலர் கண்டுகொள்ளாமல் விடும் காரணம் ஒன்று உண்டு: வறட்சியும் இழுப்பும். புதிதாக மூடிய மேல்தோலுக்கு நீரைத் தக்கவைக்கும் மேலடுக்கு இன்னும் முற்றவில்லை. அதன் வழியே ஈரம் ஓயாமல் ஆவியாகிறது. வறண்ட தோல் புண் இல்லாதபோதே அரிக்கும் என்பது எல்லோரும் அறிந்தது. பொருக்கோ காயக் காயச் சுருங்கி விறைத்து, முழங்கை போல மடங்கும் இடத்தில் ஒவ்வோர் அசைவுக்கும் விளிம்பைப் பிடித்து இழுக்கிறது. அழற்சியுள்ள தோலில் நரம்புகள் ஏற்கெனவே விழிப்பாக இருப்பதால், சட்டைக் கை உரசுவது போன்ற, மற்ற நேரங்களில் கவனத்துக்கே வராத தொடுகையும் அங்கே அரிப்பாக மாறிவிடுகிறது. உங்களுக்கு அரிப்பு பொருக்கின் நடுவில் இல்லாமல் ஓரத்தைச் சுற்றி வளையமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். பெரும்பாலோர் அப்படித்தான் விரலால் காட்டுவார்கள். நோயாளியின் அரிப்பில் எவ்வளவு வறட்சியால் வந்தது, எவ்வளவு உள்ளேயிருந்து வந்தது என்று பிரித்தறிய எந்தப் பரிசோதனையும் இல்லை. ஈரப்பதம் கொடுத்துப் பார்த்தால் பலருக்குக் கணிசமாகக் குறைகிறது என்பதை மட்டும் கண்ணால் கண்டு சொல்கிறேன்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உடம்பு ஏன் நம்மைச் சொறியச் சொல்கிறது? நரம்பின் பக்கம் நின்று பார்த்தால், அதற்குப் புண் என்பதும் பூச்சி என்பதும் வேறுவேறாகத் தெரியாது. தோலில் ஏதோ ஒன்று ஊர்கிறது, துளைக்கிறது, ஒட்டியிருக்கிறது என்பதற்கான வேதிச் சமிக்ஞைகளும், திசு பழுதாகிச் சரியாவதற்கான வேதிச் சமிக்ஞைகளும் பெரிதும் ஒன்றே. பேன், உண்ணி, சிரங்குப் பூச்சி, முள் ஆகியவற்றைத் தட்டிவிடுவதற்காக உருவான ஓர் அனிச்சைப் பழக்கம், புண்ணிடமும் தவறாக ஓடி வருகிறது என்பது பரவலான விளக்கம். ஈ மொய்க்கும் புண்ணைத் தட்டிவிடவும் நக்கிக்கொள்ளவும் தூண்டப்படும் விலங்குக்கு அதனால் ஏதோ நன்மை இருந்திருக்கலாம் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, சோதித்துப் பார்க்க வழி குறைவு. 2025 தொடக்கத்தில் வந்த ஓர் எலி ஆய்வு இதற்குக் கொஞ்சம் உயிர் கொடுத்தது: சொறியும்போது நரம்பு நுனிகள் விடுவிக்கும் ஒரு பொருள் மாஸ்ட் செல்களை உசுப்பி அழற்சியைக் கூட்டியது, அதோடு தோலின் மேலிருந்த ஸ்டாஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் எண்ணிக்கையையும் குறைத்தது. சொறிதல் வெறும் தீமை அல்ல, அதற்கும் ஒரு தற்காப்புப் பயன் இருக்கக்கூடும் என்று அது காட்டுகிறது. இதைப் படித்துவிட்டு யாரும் பொருக்கைச் சொறிந்துகொள்ள வேண்டாம். அந்த ஆய்விலேயே, சொறிந்ததால் அழற்சி மோசமானது என்பதுதான் முதல் செய்தி. 2023இல் வந்த இன்னோர் ஆய்வோ, அதே பாக்டீரியா சுரக்கும் ஒரு நொதி நேராக நரம்பைத் தொட்டு அரிப்பை உண்டாக்குகிறது என்றும், அதனால் சொறியும் எலியின் தோல்தான் மேலும் பழுதாகிறது என்றும் காட்டியது. சொறிவதால் லாபம் விலங்குக்கா கிருமிக்கா என்பது இடத்தையும் அளவையும் பொறுத்தது போலும்.

சொறிந்தால் அந்த நேரத்தில் சுகமாக இருப்பதன் காரணம் ஓரளவு நன்றாகத் தெரியும். சொறிவது ஒரு சிறிய வலி. தண்டுவடத்தில் வலிச் செய்தி வந்து சேரும்போது, அங்குள்ள இடைநரம்பு செல்கள் அரிப்புச் செய்தியை மேலே போகவிடாமல் அமுக்குகின்றன. இதை எதிர்ப்புறமிருந்தும் பார்க்கலாம்: முதுகுத்தண்டு வழியாக மார்ஃபின் கொடுத்து வலியை நீக்கும்போது பலருக்கு உடம்பெல்லாம் அரிப்பு கிளம்புகிறது. உங்கள் புண்ணில் வலி நின்றபின் அரிப்பு தலைதூக்கியதற்கும் இந்த உறவு ஒரு காரணமாக இருக்கலாம். வலி அதுவரை மூடிவைத்திருந்ததை இப்போது உணர்கிறீர்கள். சொறிந்து முடித்த சில நிமிடங்களில் அரிப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்புவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நகம் பட்ட இடத்தில் புதிய காயமும் புதிய அழற்சியும் உண்டாவது ஒன்று. வலியைத் தணிக்க மூளை அனுப்பும் செரோடோனின் என்ற வேதிப்பொருள் தண்டுவடத்தில் அரிப்பு நரம்புகளையும் சேர்த்துத் தூண்டிவிடுவது மற்றொன்று. 2014இல் இதை எலிகளில் காட்டினார்கள். சொறியச் சொறியச் சுகம் என்ற வழக்குக்கும், அதன்பின் வரும் எரிச்சலுக்கும் விளக்கம் இதுதான்.

இரவில் அதிகமாவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். மாலைக்குப் பிறகு தோலின் வெப்பம் சற்று ஏறுகிறது, தோல் வழியே நீர் இழப்பு கூடுகிறது, அழற்சியை அடக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் இரவில் தாழ்ந்திருக்கிறது. போதாக்குறைக்கு, கவனத்தைத் திருப்ப வேறு வேலையும் இல்லை. போர்வைக்குள் சூடு ஏறினால் இன்னும் மோசம்.

செய்ய வேண்டியவற்றில் முதலாவது, பொருக்கைக் காயவிடக் கூடாது என்பது. "காற்றாட விடு, காய்ந்தால் ஆறும்" என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஒப்பாது. 1962இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றித் தோலில் செய்த சோதனையில், பாலித்தீன் படலத்தால் மூடி ஈரமாக வைத்த மேலோட்டமான காயங்கள், காயவிட்டுப் பொருக்குக் கட்டியவற்றைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரைவில் மேல்தோல் மூடின. அடுத்த ஆண்டே மனிதரிடமும் இதைப் போன்ற முடிவு கிடைத்தது. தவழ்ந்து வரும் செல்களுக்கு ஈரத் தரை நல்ல பாதை. காய்ந்த ஓடு அவற்றை அடியில் குடைந்து போக வைக்கிறது. ஆகவே நாளுக்கு ஒரு முறை வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் கொண்டு அலசி, ஒற்றியெடுத்து, மணமோ நிறமோ சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிதாகத் தடவி, ஒட்டிக்கொள்ளாத கட்டால் மூடிவையுங்கள். பொருக்கு இளகும், விளிம்பு இழுக்காது, நகத்துக்கும் புண்ணுக்கும் நடுவே ஒரு திரையும் கிடைக்கும். அரிப்பு பொங்கும் நேரத்தில், துணியில் சுற்றிய குளிர்ந்த ஒத்தடத்தைச் சில நிமிடம் வையுங்கள். குளிர்ச்சியை உணரும் நரம்புகளும் அரிப்பைத் தண்டுவடத்திலேயே தடுக்கின்றன. அல்லது பொருக்கிலிருந்து சற்றுத் தள்ளி, நல்ல தோலை உள்ளங்கையால் அழுத்துங்கள். வெந்நீர் ஊற்றினால் அந்தக் கணம் சுகமாக இருக்கும், அரை மணியில் அதற்கு வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும். ஒவ்வாமை மாத்திரை உங்களுக்குப் பெரிதாக உதவும் என்று நான் சொல்லமாட்டேன். தூக்கம் வரவழைக்கும் பழைய வகை மாத்திரைகள் இரவைக் கடக்க உதவுவது பெரும்பாலும் அந்தத் தூக்கத்தால்தான், அவற்றை மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். ஸ்டீராய்டு களிம்பைத் திறந்த புண்ணில் தடவாதீர்கள். அரிப்பு குறையும், ஆறுவதும் அதோடு சேர்ந்து குறையும்.

அரிப்பு எப்போது நல்ல செய்தி அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் "ஆறுகிறது" என்ற நம்பிக்கையிலேயே நாள்களைக் கடத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். காலில் சிறிய காயத்தோடு வந்த ஒரு பெண்மணி, மூன்று வாரமாக அரிப்பு கூடிக்கொண்டே போவதை ஆறுவதன் அடையாளம் என்றே எடுத்துக்கொண்டிருந்தார். கட்டைப் பிரித்தபோது புண் கடுகளவில் இருந்தது. அதைச் சுற்றி, ஓரம் அளந்து வெட்டினாற்போல ஒரு நீள்சதுரச் சிவப்பு, அதன்மேல் நுண்ணிய நீர்க் கொப்புளங்கள். இயற்கையான புண் எதுவும் நீள்சதுரமாக வளர்வதில்லை. அது ஒட்டும் பட்டைக்கான ஒவ்வாமை. நியோமைசின் கலந்த கிருமி எதிர்ப்புக் களிம்புகளும் இதே வேலையைச் செய்வதில் பேர்போனவை; அரிப்பு கூடக்கூடக் களிம்பையும் கூடுதலாகத் தடவுவார்கள், சுழல் நிற்காது. பட்டையையும் களிம்பையும் நிறுத்தியதும் அவருக்குப் பெருமளவு அடங்கியது. சிவப்பு பரவுவது, சூடு, அடங்கியிருந்த வலி திரும்புவது, சீழ், நாற்றம், காய்ச்சல் ஆகியவை தொற்றின் பக்கம் கை காட்டுகின்றன. அங்கே அரிப்பைப் பார்த்து நிம்மதி கொள்ளக் கூடாது. தழும்பு காயத்தின் எல்லையைத் தாண்டி மேடாக வளர்ந்து, ஓரத்தில் மாதக் கணக்கில் அரித்தால் அது கீலாய்டாக இருக்கலாம். தீக்காயத் தழும்பின் அரிப்பு ஆண்டுக் கணக்கிலும் நீடிக்கக்கூடியது. எண்ணெய்ச் சுரப்பிகள் கருகிப்போனதால் வந்த வறட்சியோடு நரம்புப் பழுதும் அதில் சேர்ந்திருப்பதால், அங்கே நரம்பு வலிக்குத் தரும் கபாபென்டின் போன்ற மருந்துகள் வரை போக நேர்கிறது.

மறுபக்கமும் உண்டு: அரிக்கவே இல்லை என்பதால் ஆறவில்லை என்று அஞ்ச வேண்டாம். எத்தனையோ புண்கள் சத்தமில்லாமல் ஆறிப்போகின்றன. ஆனால் நீரிழிவு உள்ளவர்களின் காலில் புண் வலியும் இன்றி அரிப்பும் இன்றி அமைதியாக இருந்தால், அந்த அமைதியை மட்டும் நம்பாதீர்கள். அங்கே செய்தி சொல்ல வேண்டிய நரம்பே பழுதாகியிருக்கலாம்.

உங்கள் முழங்கையை நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்கிறேன். பத்தாம் நாளில் வலி இல்லாமல், பொருக்கின் ஓரம் லேசாக எழும்பி, அடியில் இளஞ்சிவப்பாக வறண்ட புதுத்தோல் தெரிந்தால், இந்த அரிப்பு எதிர்பார்த்ததுதான். பொருக்கு தானாக உதிர்ந்த பிறகும் சில வாரம் விட்டுவிட்டு வரும், ஏனெனில் உள்ளே கொலாஜனை அடுக்கி மாற்றும் வேலை மாதக் கணக்கில் தொடரும். எழும்பி நிற்கும் ஓரம் சட்டையில் மாட்டிக்கொண்டு தொல்லை தந்தால், இழுக்காதீர்கள். குளித்து முடித்து அது ஊறி இளகியிருக்கும்போது, சுத்தமான சிறு கத்தரிக்கோலால், தோலோடு ஒட்டாமல் தனித்து நிற்கும் பகுதியை மட்டும் நறுக்கிவிட்டு, மேலே மறுபடி ஜெல்லியைத் தடவிக்கொள்ளுங்கள்.